மவுஸ் முரண்டு பிடிக்கிறதா?



மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்குக் கம்ப்யூட்டர் மவுஸைப் பற்றி எழுத என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நான் பொறியியல் கற்றவனல்லன். கலைப் பிரிவில் பட்டம் பெற்றவன். ஆயினும் உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தச் சிறு கருவியின் பழுதைப் புரிந்துகொள்ளத் தவறியதால், ஒரு மாணவனுக்கு நான் அநீதி இழைத்துவிட்டேன். அதே தவறு உங்கள் இல்லத்தில் நிகழாதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஆண்டு, ரமளான் பிறக்க ஒரு வாரமே இருந்தது. சஹர் முடிவு, நோன்பு திறக்கும் வேளை ஆகியவற்றை முப்பது நாட்களுக்கும் பட்டியலிட்டு அச்சகத்துக்கு அனுப்பும் பொறுப்பு எங்கள் மதரஸாவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு மாணவனிடம் அதனை ஒப்படைத்தேன். மாலை மக்தபில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுப்பதிலும், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவதிலும் எனக்கு வலக்கரமாக இருந்தவன் அவன். அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளைப் பள்ளிவாசல் மோதினார் கையில் வாங்கிப் படித்தார். படித்தவர் திடுக்கிட்டார். ஒரு நாளின் நோன்பு திறக்கும் நேரம் இருக்க வேண்டிய கட்டத்தில் சஹர் நேரமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வேறொரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தாள் அப்படியே வீடுகளுக்குச் சென்றிருக்கும்.

மாணவனை அழைத்தேன். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நோன்பு சம்பந்தமான காரியத்தில் இத்தனை அலட்சியமா என்று கடிந்துகொண்டேன். “நான் கையை எடுத்தாலும் அது விட மாட்டேங்குதுங்க, ஹஜ்ரத்” என்று அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். சாக்குச் சொல்லாதே என்று வாயை அடைத்துவிட்டேன். மறுநாள் அவன் மதரஸாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வேறு வழியின்றிப் பட்டியலைத் திருத்த நானே அமர்ந்தேன். திரையிலிருந்த அம்பு ஓரிடத்தில் நில்லாமல் துடித்தது. ஒரு எண்ணைத் தொட்டேன்; விரலை எடுத்தேன்; ஆனால் அந்த எண் அம்போடு ஒட்டிக்கொண்டு நகர்ந்து, மூன்று வரிசைக்குக் கீழே போய் விழுந்தது. அவன் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மரக்கட்டையில் பிறந்த எலி

பழுதை அறியுமுன் கருவியை அறிவது நலம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் சிந்தனையில் உதித்ததே மவுஸ். அவருடைய எண்ணத்துக்கு 1964இல் உருக்கொடுத்தவர் உடன் பணியாற்றிய பில் இங்கிலீஷ். மரத்தைக் குடைந்து செய்த ஒரு பெட்டி. அதனடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு உலோகச் சக்கரங்கள். வால் போல ஒரு வயர். அந்த வாலின் காரணமாகவே எலி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர்கள் கூடிய அவையில் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். 1970 நவம்பர் 17 அன்று அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. உலகமே பயன்படுத்தும் கருவியைத் தந்தும் அதனால் பெரும் செல்வம் ஈட்டாத அம்மனிதர் 2013இல் காலமானார்.

அந்த இரண்டு சக்கரங்களின் வேலையைச் சோமனூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. தறியில் பாவு நெடுக்காகவும் ஊடை குறுக்காகவும் ஓடுகின்றன அல்லவா? அதுபோல ஒரு சக்கரம் நெடுக்கு நகர்வையும் மற்றொன்று குறுக்கு நகர்வையும் கணக்கிட்டன. இரண்டும் சேர்ந்தே திரையில் அம்பின் இடத்தை நிர்ணயித்தன. தமிழில் இக்கருவியைச் ‘சுட்டி’ என்றும் வழங்குகிறோம். சுட்டெழுத்து எவ்வாறு பொருளைச் சுட்டுகிறதோ அவ்வாறு இது திரையிலுள்ளதைச் சுட்டுகிறது. சுட்டுவதில் பிழை நேர்ந்தால் பொருளே மாறிவிடும் என்பதை எங்கள் நோன்புப் பட்டியல் மெய்ப்பித்துவிட்டது.

பின்னர் சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர் பூசிய உருண்டை வந்தது. என் தலைமுறையினர் கம்ப்யூட்டர் பழகியது அந்த உருண்டை மவுஸில்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை அடி மூடியைத் திருகி, உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே சுழலும் உருளைகளில் படிந்த அழுக்கைச் சுரண்டுவோம். எங்கள் ஊரில் அந்த உருளைகளில் பஞ்சு சுற்றிக்கொண்டு, நூல் சுற்றிய தார் போலவே காட்சியளிக்கும்.

சிவப்பு ஒளியும் பஞ்சு இழையும்

இன்று நாம் பயன்படுத்துவது ஒளியால் இயங்கும் மவுஸ். 1999இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரருக்குப் பின்னர், பல பரப்புகளில் வைத்து இயக்கத்தக்க இவ்வகை பரவலாயிற்று. இதனடியில் ஒரு சிறு விளக்கு எரிகிறது. பல மவுஸ்களில் அது சிவப்பு ஒளி. சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அந்த வெளிச்சத்தில் ஒரு நுண்ணிய கேமரா, மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுக்கிறது. முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்பதைக் கணக்கிடுகிறது.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். அந்தக் கேமராவின் கண்ணில் ஒரு பஞ்சு இழை சிக்கினால் என்னவாகும்? மேசை நகர்கிறது; இழை நகரவில்லை. அல்லது, கை அசையாதிருக்க இழை மட்டும் காற்றில் ஆடுகிறது. எதை நம்புவதென்று தெரியாமல் அது தடுமாறும், அம்பு தாவும்.

சோமனூரில் தெருவுக்குத் தெரு விசைத்தறிக் கூடங்கள். காடாத் துணி நெய்யும் ஓசை பகலிரவாகக் கேட்கும் ஊர் இது. தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் சன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, அலமாரியின் மேற்புறம் என எங்கும் பஞ்சு படிந்திருக்கும். அருகிலுள்ள திருப்பூரில் பனியன் துணி வெட்டும் கூடங்களிலும் இதே நிலைதான். மவுஸுக்கு மட்டும் விலக்கு உண்டா?

முதலில் இடம் மாற்றிப் பாருங்கள்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பர் ஒருவரை அழைத்தேன். அவர் முதலில் திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. எங்கள் மவுஸைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தார். அங்கும் அம்பு துடித்தது. பிறகு நல்ல மவுஸ் ஒன்றை எங்கள் கம்ப்யூட்டரில் இணைத்தார். அம்பு ஒழுங்காக நகர்ந்தது. பழுது கம்ப்யூட்டரில் இல்லை, மவுஸில்தான் இருக்கிறது என்று சில நிமிடங்களிலேயே உறுதியாயிற்று.

பாவு இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, எந்த இழை என்று கண்டறிந்த பிறகே முடிச்சிடுகிறார். அதே முறையை இங்கும் கையாளுங்கள். மவுஸை வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால் சரியாக வேலை செய்கிறதென்றால், குறை உங்கள் கம்ப்யூட்டரிலோ அதன் யூஎஸ்பி துளையிலோ இருக்கலாம். முதலில் துளையை மாற்றிப் பாருங்கள். பலவற்றை ஒருசேர இணைக்கும் ஹப் வழியாகச் செருகியிருந்தால், அதைத் தவிர்த்து நேரடியாகச் செருகுங்கள். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துத் திறந்தும் பாருங்கள். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் சுமந்து திணறும் கம்ப்யூட்டரிலும் அம்பு விட்டுவிட்டு நகரும். அது மவுஸின் குற்றமன்று.

அம்பு தாவினால்

மவுஸ் வைத்திருக்கும் பரப்பைக் கவனியுங்கள். கண்ணாடி, முகம் தெரியுமளவு பளபளக்கும் மேசை ஆகியவற்றின் மீது பல மவுஸ்கள் வழி தவறும். ஒரு வெள்ளைத் தாளையோ நோட்டு அட்டையையோ அடியில் வைத்து இயக்குங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் செலவின்றிப் பிரச்சினை தீர்ந்தது. நம்மூர் வழக்கப்படி காடாத் துணியை மடித்து விரித்துவிடாதீர்கள். அதிலிருந்து உதிரும் பஞ்சே கேமராவின் கண்ணை மறைக்கும்.

அடுத்து, வயரைக் கழற்றிவிட்டு அல்லது மவுஸின் அடியிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு அதனைக் கவிழ்த்துப் பாருங்கள். எரியும் விளக்கைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அடியிலுள்ள சிறு குழியில் பஞ்சோ முடியோ தெரிந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெல்ல ஒற்றி எடுங்கள். பிசுக்கு இருப்பின் மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் குச்சியின் முனையை இலேசாக நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். குச்சியின் பஞ்சே குழியில் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும்; ரப்பர் ஊது பந்து ஏற்றது. தறிக்கூடத்துக் கம்ப்ரசர் காற்றை அருகில் வைத்து அடிப்பதும் தவறு. பஞ்சை அது இன்னும் உள்ளே தள்ளக்கூடும்.

மவுஸ் வழுக்கிச் செல்ல அடியில் ஒட்டப்பட்டுள்ள சிறு பட்டைகளிலும் அழுக்கு சேர்ந்து தடித்துப் போகும். அப்போது மவுஸ் ஒரு பக்கம் தூக்கி நிற்க, கேமராவுக்கு மேசை தெளிவாகத் தெரியாது. அவற்றையும் துடையுங்கள்.

மடிக்கணினி வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் எத்தனையோ ஏழை வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் நுழைந்தது. அத்தகைய கருவியில் தனியாக மவுஸ் இணைத்திருக்கும்போது, தட்டச்சு செய்யும் கையின் அடிப்பகுதி தொடு பலகையில் பட்டாலும் அம்பு தாவும். தொடு பலகையைத் தற்காலிகமாக அணைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

பொத்தான் ஒட்டினால்

எங்கள் மவுஸின் கேமராக் குழியில் ஒரு வெள்ளைப் பஞ்சு இழை இருந்தது. அதை எடுத்ததும் அம்பின் துடிப்பு அடங்கியது. ஆனால் எண்கள் ஒட்டிக்கொண்டு நகர்ந்ததற்கு வேறு காரணம் இருந்தது. நண்பர் அடிப் பட்டையை மெல்ல உரித்தார். அதற்குக் கீழே திருகு ஒளிந்திருந்தது. மவுஸைத் திறந்தார். இடப் பொத்தானின் விளிம்பில் பழுப்பு நிறப் பிசின் போல ஏதோ உறைந்திருந்தது. அதில் பஞ்சு படிந்து களிம்பாகியிருந்தது. அழுத்தினால் பொத்தான் இறங்கும். ஆனால் உடனே மேலெழாது. விரலை எடுத்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று கம்ப்யூட்டர் கருதுகிறது. எனவே தொட்டதை எல்லாம் இழுத்துச் செல்கிறது.

“தேநீர் கொட்டியிருக்கிறது” என்றார் நண்பர்.

அஸர் தொழுகைக்குப் பின் அந்த மேசையில் அமர்ந்து தேநீர் அருந்துபவர் எங்கள் மதரஸாவில் ஒருவர்தான். அவர் இக்கட்டுரையை எழுதுபவர். சில வாரங்களுக்கு முன் குவளை சாய்ந்ததும், மேற்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு எழுந்து சென்றதும் என் நினைவுக்கு வந்தன. அந்த மாணவன் அலட்சியக்காரன் என்று பெயர் வாங்கியது என் தேநீரால்.

பொத்தான் ஒட்டினால், முதலில் வெளி விளிம்புகளின் இடைவெளியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டுமே திறக்கத் துணியுங்கள். மேல் மூடியையும் கீழ்ப் பகுதியையும் இணைக்கும் மெல்லிய வயர் சிலவற்றில் உண்டு. வேகமாகப் பிரித்தால் அறுந்துவிடும். உருட்டும் சக்கரம் தாறுமாறாக மேலும் கீழும் ஓடினால், அதன் அச்சில் பஞ்சும் முடியும் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். தேநீரோ நீரோ கொட்டிய உடனே கவனித்தால், வயரைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, ஒரு நாள் முழுதும் உலரவிட்டுப் பின்பு இணையுங்கள்.

ஒட்டாமலேயே கோளாறு செய்யும் பொத்தானும் உண்டு. ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பொத்தானுக்குக் கீழேயுள்ள நுண் சுவிட்சில் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. பல இலட்சம் முறை அழுந்திய பின் அதன் விறைப்பு தளரும். தொடும் முனையிலும் கறை படியும். அப்போது ஒரே அழுத்தத்தில் தொட்டு, விலகி, மீண்டும் தொடுகிறது. இதனைத் துடைத்துச் சரிசெய்ய இயலாது. சுவிட்சை மாற்ற வேண்டும். இல்லையேல் மவுஸையே மாற்ற வேண்டும்.

வயரும் வயர்லெஸ்ஸும்

அடிக்கடி இணைப்பு அறுந்து அறுந்து வருமானால், வயர் மவுஸுக்குள் நுழையும் இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது விளக்கு அணைந்து எரிந்தால், உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. மவுஸின் மீதே வயரைச் சுற்றி வைக்கும் பழக்கம் இதற்கு வழிகோலும்.

வயர்லெஸ் மவுஸ் எனில் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி தளர்ந்தால் அம்பு தயங்கித் தயங்கி நகரும். மற்றொரு காரணமும் உண்டு. வேகமான யூஎஸ்பி 3.0 துளையில் பென்டிரைவ் போன்றவை இயங்கும்போது எழும் மின் இரைச்சல், வயர்லெஸ் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குலைக்கக்கூடும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. மவுஸுக்கான சிறு ரிசீவரை அந்தத் துளைகளிலிருந்து விலக்கிச் செருகினாலோ, குட்டையான நீட்டிப்பு வயரில் மாட்டி மவுஸுக்கு அருகில் வைத்தாலோ பலன் கிடைக்கும்.

அமைப்புகளில் ஒளிந்திருக்கும் காரணம்

சுத்தம் செய்தும் பொத்தான் ஒட்டுவது போலத் தோன்றினால், விண்டோஸின் மவுஸ் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். ‘கிளிக்லாக்’ என்றொரு வசதி அங்குண்டு. அது இயக்கத்தில் இருந்தால், பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தாலே, விரலை எடுத்த பிறகும் பிடி விடாது. வீட்டுச் சிறுவர்கள் விளையாட்டாக அதனை இயக்கியிருக்கலாம். அம்பின் வேகம், இருமுறை அழுத்தும் வேகம் ஆகியவற்றையும் அங்கேயே சரிசெய்யலாம்.

மவுஸ் முரண்டு பிடிக்கும்போது செய்து முடித்த வேலையை இழந்துவிடக் கூடாது. உடனே மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால், தவறாக இழுபட்டது பழைய இடத்துக்குத் திரும்பும். பின்னர் கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி, வரும் கேள்விக்குச் சம்மதம் தெரிவித்தால், விசைப்பலகையின் வலப்புறத்து எண்களைக் கொண்டே அம்பை நகர்த்தலாம். அவசர வேலையை முடிக்க இது உதவும்.

இத்தனையும் செய்து பலனில்லையென்றால் புதிய மவுஸ் வாங்குவதில் தவறில்லை. சோதிக்காமலே குப்பையில் எறிவதுதான் வீண்விரயம்.

மன்னிப்புக் கேட்கச் சென்ற வீடு

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். வீட்டின் பின்புறம் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய அத்தா என்னைக் கண்டதும் தறியை நிறுத்திவிட்டு வந்தார். “பையன் தப்புப் பண்ணியிருந்தா நீங்க அடிச்சிருக்கலாங்க ஹஜ்ரத், அவன் எதுவுமே சொல்ல மாட்டேங்கறான்” என்றார். தப்பு அவனுடையதன்று, என்னுடையது என்று சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். அவன் தலைகுனிந்து நின்றான்.

வீட்டில் கேட்ட மன்னிப்பு போதாது என்று என் மனம் சொல்லிற்று. வகுப்பின் முன் கடிந்துகொண்டவன், வகுப்பின் முன்தான் அதனைத் திரும்பப் பெற வேண்டும். மறுநாள் மாலை அவனை அருகில் நிறுத்தி, திறந்த மவுஸையும் அதிலிருந்த தேநீர்க் கறையையும் சிறுவர்களுக்குக் காட்டினேன். யாருடைய தேநீர் என்பதையும் சொன்னேன். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளையை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். எனக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்னவனை விசாரிக்கவில்லை. ஒரு மவுஸை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கும் நேரம்கூட அவனுக்காக நான் செலவிடவில்லை.

பட்டியலை அவனே திருத்தி முடித்தான். மோதினார் ஒவ்வொரு நேரத்தையும் உரக்கப் படிக்க, நான் மூல அட்டவணையோடு ஒப்பிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், பிழையில்லாத தாள் ரமளானுக்கு முந்திய ஜும்ஆவன்று வீடுகளுக்குச் சென்றது.

இப்போது எங்கள் கம்ப்யூட்டரின் மீது வேலை முடிந்ததும் ஓர் உறை போடப்படுகிறது. வாரந்தோறும் வியாழன் மாலை மவுஸைக் கவிழ்த்துத் துடைக்கிறோம். தேநீர்க் குவளை சன்னல் திண்டுக்கு இடம் மாறிவிட்டது.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் மகனோ மகளோ “மவுஸ் சரியில்லை” என்று சொன்னால், முதலில் அதைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள். பேச வேண்டியதை அதன் பிறகு பேசலாம்.

வஸ்ஸலாம்.